இரண்டாவது கரண்டி

பேர்தான் பேச்சி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று யாரோ பயமுறுத்தி வளர்த்தது மாதிரி இருப்பாள். அப்படிப்பட்டவள் செங்குளம் பல்கலைக்கழக விடுதியில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வேளை தவறாமல் சொன்னாள். அந்த வார்த்தைதான் கடைசியில் அவளைச் சாய்த்தது.

மண்ணியல் ஆய்வகத்தில் வண்டல் சலித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். விழுவதற்கு முன் சல்லடையைப் பத்திரமாக மேசைமேல் வைத்துவிட்டுத்தான் விழுந்தாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். பிறத்தியாருக்குத் தொந்தரவு கொடுக்காமல் மயங்கி விழக்கூடிய பெண் அவள் ஒருத்திதான். செய்தி கேட்டு அவளுடைய அறைத்தோழி ரோசாலின் மீன்வளத் துறையிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் மருத்துவ மையத்துக்கு ஓடிவந்தாள். பேச்சிக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கட்டிலருகே விடுதி வார்டன் அங்கயற்கண்ணி கையில் டேப்லெட்டோடு நின்றிருந்தார்.

"நீதான ரூம்மேட்? இவ சாப்பிடறதே இல்லைன்னு உனக்குத் தெரியாதா?"

"எனக்கு முந்தியே தின்னு முடிச்சு எந்திரிச்சாலும், மூணு வேளையும் எங்கூடத்தான் மேடம் சாப்பிட வாரா."

"வர்றா. வந்து வேணாம்னு சொல்லிட்டுப் போறா. மெஸ்ல மிதம் மெஷின்ல எல்லாம் பதிவாகியிருக்கு. அவ குரல்லயே கேளு."

வார்டன் திரையைத் தொட்டார். பேச்சியின் மெல்லிய குரல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. போதும். போதும். போதும். காலையில் சொன்னது, மத்தியானம் சொன்னது, ராத்திரி சொன்னது. கட்டிலில் கிடந்த பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். தன் குரலைத் தனக்கே எதிர்சாட்சியாகக் கேட்பது யாருக்குத்தான் பிடிக்கும்.

"இதுக்குப் பேரு உணவு மறுப்பு. மனசு சம்பந்தப்பட்ட வியாதி. இவ அப்பாவுக்குத் தகவல் சொல்லியாச்சு. வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போவாரு. குணமாயிட்டான்னு மனநல டாக்டர்கிட்ட சான்றிதழ் வாங்கிட்டு வந்தா அடுத்த வருஷம் சேத்துக்குவாங்க."

அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த மூன்று பேருக்குமே தெரியும். டிராக்டர் ஓட்டுகிறவரின் மகள், அந்தத் தெருவிலிருந்து முதல் ஆளாக முதுகலைக்கு வந்தவள், புத்தி சரியில்லை என்ற பெயரோடு வீட்டுக்குப் போனால் திரும்பி வரப்போவதில்லை. ரோசாலினுக்கு உள்ளங்கால் வரைக்கும் எரிந்தது.

மிதம் என்பது சோறு போடும் இயந்திரம். மழை வருடக்கணக்கில் பொய்த்துப்போனபின் அரசாங்கம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்தக் கல்லூரியில் எச்சில் தட்டில் சோறு மிஞ்சுகிறதோ, அந்தக் கல்லூரிக்கு மறுமாதம் அரிசி வெட்டு. மற்ற ஊர்க்காரர்கள் தலையில் கைவைத்தபோது செங்குளத்தில் பேராசிரியர் சிவசைலம் மிதத்தை உருவாக்கினார். கூரையிலிருந்து தொங்கும் ஓர் இரும்புக் கை, அதன் நுனியில் ஒரு கரண்டி, கரண்டிக்கு மேலே ஒரு கண், ஒரு காது. ஆளைக் கண்டதும் யாரென்று தெரிந்துகொள்ளும். அவளுக்கென்று வைத்திருக்கும் அளவில் ஒரு கரண்டி போடும். அடுத்த கரண்டியை ஓங்கும். போதும் என்றால் நிறுத்திவிடும். ஒரு கரண்டியோடு நிறுத்துகிறவளுக்கு அந்த ஒன்றே அதிகமோ என்று சந்தேகப்பட்டு, மறுநாள் அவள் கரண்டியைக் கொஞ்சம் சின்னதாக்கிப் பார்க்கும். அவள் இரண்டாவது கரண்டியை வாங்கிக்கொண்டால் பழைய அளவுக்குத் திரும்பும். வாங்காவிட்டால் இன்னும் கொஞ்சம் குறைக்கும். எல்லோருடைய அளவையும் கூட்டி அவ்வளவு அரிசியைத்தான் உலையில் போடும், ஒரு பிடி கூடாது.

எச்சில் தொட்டி காலியாகக் கிடந்தது. பல்கலைக்கழகத்துக்கு விருதுக்கு மேல் விருது. மாணவிகள் அந்த இரும்புக் கைக்கு வைத்த பெயர் மாமியார்.

அறைக்குத் திரும்பியதும் ரோசாலின் கதவைச் சாத்தினாள்.

"ஏட்டி, உனக்குப் பசிக்குமா, பசிக்காதா? அத மொதல்ல சொல்லு."

பேச்சி தலையணையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பசிக்கும்."

"பொறவு எதுக்கு அங்க போயி போதும் போதும்ங்க?"

"ரெண்டாவது கரண்டி வரும்போது சொல்லணும்லா."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அப்படித்தான. தட்ட நீட்டிக்கிட்டே நின்னா பாக்கவங்க என்ன நினைப்பாங்க."

"உங்க வீட்டுலயும் இப்படித்தான் சொல்லுவியா?"

"சொல்லுவேன். அம்மா காதுலயே வாங்காது. இன்னொரு கரண்டி எடுக்கும். வேண்டாம்மான்னு கையக் குறுக்க வைப்பேன். கைய ஒதுக்கிட்டுப் போட்டுட்டுப் போயிரும். நான் தின்னுருவேன்." அவள் கொஞ்சம் யோசித்தாள். "இங்க போதும்னு சொன்னதும் நெசமாவே நிறுத்திருதே ரோசா. மொத நாளு எனக்கு ஒண்ணுமே புரியல."

ரோசாலினுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவள் கடற்கரைக்காரி. அவள் வீட்டில் குழம்புச் சட்டியை நடுவில் வைத்துவிட்டு யார் கை நீளமோ அவர் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கல்யாண வீட்டில், கோவில் விருந்தில் அவளும் இலைக்குக் குறுக்கே கையை வைத்தவள்தான். நம் பக்கத்தில் முதல் 'போதும்' ஒரு பதிலே இல்லை. அது ஒரு கும்பிடு மாதிரி. இன்னொரு தடவை கேளுங்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம். பரிமாறுகிறவனுக்கும் அது தெரியும், சாப்பிடுகிறவனுக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதனால் இயந்திரத்துக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"இப்ப உன் கரண்டி எவ்வளவுட்டி போடுது?"

பேச்சி கையைக் குழித்துக் காட்டினாள். மூன்று வயதுப் பிள்ளைக்கு ஊட்டும்போது முதலில் பிசைகிற அளவு.

"நாளைக்கு வாயத் தொறக்காத. பேசாம நில்லு. அது போட்டுக்கிட்டே இருக்கும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீ அழக்கூட வேண்டாம், சும்மா நின்னாலே போதும்."

மறுநாள் ரோசாலின் அவளுக்குப் பின்னாலேயே நின்றாள். முதல் கரண்டி விழுந்தது. இரண்டாவதுக்காகக் கை உயர்ந்தது. வரிசை நகரக் காத்திருந்தது. "சொல்லாத, சொல்லாத" என்று ரோசாலின் அவள் முதுகில் விரலால் குத்தினாள்.

"போதும்," என்றாள் பேச்சி.

மேசைக்கு வந்ததும் ரோசாலின் பல்லைக் கடித்தாள். "ஏன்டி?"

"நான் கூட வாங்கினா கடைசியில நிக்கவளுக்குக் குறையும் ரோசா. அளந்துதான பொங்குது. போன மாசம் ஒரு பிள்ள ரெண்டு தடவ வாங்கிட்டான்னு, கடைசியில வந்தவ வெறும் சாம்பாரக் குடிச்சிட்டுப் போனா. நான் பாத்தேன்."

ரோசாலினுக்குக் கோபம் இரட்டிப்பானது. தன் தட்டிலிருந்து ஒரு கை சோற்றை அள்ளிப் பேச்சியின் தட்டில் போட்டாள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. "கைமாற்றம் பதிவு செய்யப்பட்டது" என்று இனிமையான பெண் குரல் ஒன்று சொன்னது. மறுநாள் ரோசாலினின் கரண்டியும் சின்னதாகிவிட்டது. கொடுக்கிறவளுக்குத் தேவையில்லை என்றுதானே அர்த்தம். மாமியார் கணக்கில் அதுவும் சரி.

வியாழக்கிழமை ரோசாலின் பேராசிரியர் சிவசைலத்தின் அறைக்குப் போனாள். கெட்ட மனிதர் என்று நினைத்துக்கொண்டுதான் போனாள். அவர் எழுந்து நாற்காலி காட்டினார். ஃபிளாஸ்க்கைத் திறந்தார்.

"டீ சாப்பிடறியாம்மா?"

"வேண்டாம் சார்."

அவர் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார். ஆவி பறந்தது, இஞ்சி வாசம் வந்தது. ரோசாலின் விஷயத்தைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் முழுவதையும் கேட்டார்.

"மிதம் வர்றதுக்கு முன்னாடி இந்த மெஸ் வாசல்ல எத்தனை டிரம் சோறு குப்பைக்குப் போச்சு தெரியுமாம்மா? நான் இங்க படிக்கும்போது பாத்திருக்கேன். பன்னி கூடத் தின்னு தீக்க முடியாம நாறிக் கிடக்கும். அதே தெருவுல குழந்தைங்க வெறும் வயித்தோட ஸ்கூலுக்குப் போகும். அது பாவம் இல்லையா?"

"பாவந்தான் சார். ஆனா அதுக்காகப் பேச்சி பட்டினி கெடக்கணுமா?"

"யாரும் அவளைப் பட்டினி போடல. அவ கேட்டா கிடைக்கும். நீ சொல்லாத வரைக்கும் அந்தக் கை நிக்காது. தட்டு நிறைஞ்சிருச்சுன்னு பாத்துக்கூட அது நிறுத்தாது. ஆளைப் பாத்து அளவை முடிவு பண்ண ஒரு மெஷினுக்கு உரிமை கிடையாதுன்னு பிடிவாதமா இருந்து அப்படிச் செஞ்சேன். பழைய மெஸ்ல பரிமாறுறவங்க பொம்பளைப் பிள்ளைன்னா கம்மியா வைப்பாங்க. இவ ஒல்லி, இவளுக்கு எதுக்கு. இவ குண்டு, இவளுக்கு எதுக்கு. இப்ப அதெல்லாம் இல்ல. சொல்லு மட்டும்தான்." அவர் டீயை ஒரு மிடறு குடித்தார். "ஒரு பெண் வேண்டாம்னு சொன்னா, முதல் தடவையே அதை மதிக்கிற ஒரு ஆளை நீ இந்த ஊர்ல காட்டு பாப்போம். என் மெஷின் மதிக்குது. அது தப்பா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததுதான் ரோசாலினைக் கொதிக்கவைத்தது. முழு அநியாயத்தை மூஞ்சியில் காறித் துப்பிவிட்டு வந்துவிடலாம். பாதி நியாயத்தை என்ன செய்வது?

"சார், தொடாதேன்னு சொல்லுததும், சோறு போதும்னு சொல்லுததும் ஒண்ணா?"

"மெஷினுக்கு எல்லாச் சொல்லும் ஒண்ணுதாம்மா. ஒண்ணை நம்பு, இன்னொண்ணை நம்பாதேன்னு நான் எப்படிச் சொல்லித்தர முடியும்?"

"அப்போ மனுசனுக்கு?"

அவர் புன்னகை செய்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாளைக்குச் சென்னையிலிருந்து பசுமை உணவு விருதுக் குழு வருகிறது, வேலை நிறைய இருக்கிறது என்று பணிவாகவே சொன்னார். வெளியே வந்து படி இறங்கும்போதுதான் ரோசாலினுக்குத் தொண்டை காய்ந்திருப்பது தெரிந்தது. அந்த டீயை அவள் குடித்திருப்பாள்.

விடுதிக்கு வந்ததும் அவள் அறை அறையாகப் போனாள். சுருக்கமாகச் சொன்னாள். "நாளைக்கு ஒருத்தியும் போதும்னு சொல்லக் கூடாது. நீங்க சொல்லாத வரைக்கும் அது நிக்காதுன்னு அந்த மனுசனே எங்கிட்டச் சொன்னாரு. மொத ஆளா நான் நிக்கேன். வந்தவங்க பாக்கட்டும்." சிலர் சிரித்தார்கள், சிலர் பயந்தார்கள். பேச்சிக்காக என்று சொன்னதும் எல்லோரும் சரி என்றார்கள். பேச்சியிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸிலேயே பேச்சியின் அப்பா மாடக்கண்ணு வந்துவிட்டார். சட்டையின் மடிப்பு கலையாமல் இருந்தது, கண் மட்டும் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது. மகளை மேலும் கீழும் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. புத்தி சரியில்லாத பிள்ளையிடம் என்ன கேட்பது என்று தெரியாத பார்வை அது. ரோசாலினால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

"வாங்கப்பா, மொதல்ல சாப்பிடுங்க," என்று அவரை விருந்தினர் கவுண்டருக்குக் கூட்டிப்போனாள். சின்ன ஜன்னல், உள்ளே ஒரு சின்ன இரும்புக் கை.

"வணக்கம். சாப்பிடுகிறீர்களா?" என்றது பெண் குரல்.

மாடக்கண்ணு திடுக்கிட்டுக் கையைக் கூப்பினார். "இருக்கட்டும்மா. இப்பத்தான் சாப்ட்டு வந்தேன்."

"நன்றி. மிதமே நலம்." ஜன்னல் மூடிக்கொண்டது.

அவர் மூடிய ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ரோசாலினைப் பார்த்துச் சிரித்துச் சமாளித்தார். "நல்ல மரியாதையாத்தான் பேசுது."

"எங்கப்பா சாப்ட்டீங்க? முதல் பஸ்ஸுலதான வந்தீங்க."

"இல்ல தாயி, வழியில... ஒரு கடையில..." என்று இழுத்தார். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வியாதி. அந்த வியாதிக்குப் பெயர் மரியாதை, அதற்கு மருந்து டாக்டரிடம் இல்லை. ரோசாலின் அந்த ஜன்னலை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். கை வலித்ததுதான் மிச்சம்.

மத்தியானம் சாப்பாட்டுக் கூடம் தோரணத்தோடு இருந்தது. விருதுக் குழுவில் மூன்று பேர். பேராசிரியர் சிவசைலம் அவர்களுக்கு எச்சில் தொட்டியைத் திறந்து காட்டினார். தொட்டி துடைத்துவைத்த வெண்கலப் பானை மாதிரி மின்னியது. குழுத் தலைவியான தலை நரைத்த அம்மாள் அதில் எட்டிப் பார்த்து வியந்தார். வார்டன் வாசலோரம் ஒரு பெஞ்சில் பேச்சியையும் மாடக்கண்ணுவையும் பெட்டியோடு உட்காரவைத்திருந்தார். வந்தவர்கள் போனதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவதாக ஏற்பாடு.

"இனி பாருங்க. ஒவ்வொரு மாணவியோட சொல்லுக்கும் இது எப்படிக் கட்டுப்படுதுன்னு," என்றார் சிவசைலம்.

ரோசாலின் முதல் ஆளாகத் தட்டை நீட்டினாள்.

கரண்டி விழுந்தது. கை உயர்ந்தது. அவள் பேசவில்லை. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தது. சிவசைலம் புன்னகையோடு தலையாட்டினார். "நல்லா சாப்பிடற பொண்ணு." நான்காவது, ஐந்தாவது. அவளுக்குப் பின்னால் நீண்ட வரிசை மூச்சுக்கூட விடாமல் நின்றது. சோறு தட்டில் குவிந்தது. குவியல் உச்சியிலிருந்து பருக்கைகள் விளிம்புக்கு உருண்டன. குழுத் தலைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"போதும்னு சொல்லும்மா," என்றார் சிவசைலம் மெதுவாக.

அவள் அவரையே பார்த்தாள். கரண்டி விழுந்தது. சோறு தட்டைத் தாண்டித் தரையில் விழுந்தது.

அந்தச் சத்தம் பெரிய சத்தமில்லை. ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பெண்களும் ஒருசேர முனகினார்கள். கீழே விழுந்த பருக்கையைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். ரோசாலினின் பாதத்தின் மேல் சுடுசோறு விழுந்தது. கால் எரிந்தது. நகர்ந்தால் சோற்றை மிதிக்க வேண்டும். சோற்றை மிதித்தால் அவள் அம்மா அவளை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். அசையாமல் நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, ஆத்திரத்திலா சூட்டிலா என்று அவளுக்கே தெரியவில்லை. கரண்டி இன்னொரு முறை உயர்ந்தது. இன்னொரு முறை விழுந்தது.

"நிறுத்துங்க, யாராவது நிறுத்துங்க," என்றார் வார்டன்.

"மாணவிங்க சொல்லாம நிக்காது, நம்ம குரலை அது எடுத்துக்காது," என்றார் சிவசைலம். "அதான் அதோட விதி. வரிசையில யாராவது சொல்லுங்கம்மா. எந்த மாணவி சொன்னாலும் நிக்கும்."

யாரும் சொல்லவில்லை. மீண்டும் கை உயர்ந்தது.

"போதும்!"

அந்தக் கூடம் அப்படி ஒரு குரலைக் கேட்டதில்லை. எல்லோரும் திரும்பினார்கள். வாசல் பெஞ்சிலிருந்து எழுந்து பேச்சி ஓடிவந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "போதும், போதும், போதும். சோத்தக் கொட்டாதீங்க. எதுக்குக் கொட்டுதீங்க? கேக்காதவளுக்குக் கிள்ளிப் போடுதீங்க, வாயத் தொறக்காதவளுக்கு மண்ணுல கொட்டுதீங்க. உங்களுக்கெல்லாம் சோறு போடவே தெரியாதா?"

இரும்புக் கை அந்தரத்தில் நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. "பேச்சி மாடக்கண்ணு. முழுத் திருப்தி பதிவு செய்யப்பட்டது. நன்றி. மிதமே நலம்," என்றது பெண் குரல்.

யாரும் சிரிக்கவில்லை. பேச்சி அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. ரோசாலினின் காலடியில் மண்டியிட்டு, அவள் பாதத்தின் மேல் கிடந்த சோற்றை இரண்டு கையாலும் வழித்தெடுத்து மறுபடி தட்டில் சேர்த்தாள். பிறகு அந்தத் தட்டை ரோசாலினின் கையிலிருந்து வாங்கித் தரையிலேயே வைத்து, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சாம்பார் இல்லை, பொரியல் இல்லை. வெறும் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். வாய் நிறைய நிறையச் சாப்பிட்டாள். வந்திருந்த மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிவசைலமும் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிட மறுக்கிற வியாதி உள்ளவள் எப்படிச் சாப்பிடுவாள் என்று அவர்கள் எல்லோரும் கண்ணால் கண்டார்கள்.

மாடக்கண்ணு மெல்ல நடந்து வந்து வார்டன் முன்னால் நின்றார். அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை.

"எம்மவளுக்குப் பைத்தியம்னு சொன்னீங்க. ராத்திரியெல்லாம் தூங்காம அத நம்பிக்கிட்டு வந்தேன். பைத்தியம் இல்லைங்கம்மா. பசி. இது பசின்னு கண்டுபிடிக்க இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலையா?"

வார்டன் டேப்லெட்டில் எதையோ அழித்தார். "அவ இங்கயே இருக்கட்டும்," என்றார். "அந்த ஆர்டர் செல்லாது."

குழுத் தலைவி சிவசைலத்தைக் கேட்டார், "இதை என்ன செய்யப்போறீங்க?"

இரண்டே நிமிடத்தில் சிவசைலம் சுதாரித்துக்கொண்டார். படித்தவர் அல்லவா. "நம்ம பண்பாட்டுல முதல் மறுப்பு ஒரு மரியாதைங்கறதை மெஷினுக்குச் சொல்லித்தரல. அது எங்க குறைதான். ரெண்டாவது தடவை கேக்க வைக்கிறேன், தேவைப்பட்டா மூணாவது தடவையும். அதுக்கு ஏத்த மாதிரி அரிசியும் கொஞ்சம் கூடுதலா போடச் சொல்லிடலாம். ஒரே ஒரு வரி மாத்தினா போதும்."

குழுத் தலைவி தலையசைத்தார். மக்களின் பண்பாட்டைப் புரிந்துகொள்ளும் முதல் இயந்திரம் என்று பக்கத்திலிருந்தவர் மெல்லச் சொன்னார். நல்ல வாசகம்தான், விருது மேடையில் கைதட்டு வாங்கும். ரோசாலின் வெந்த காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அதைக் கேட்டாள். ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தது. ஒரு பெண்ணைக் கொல்லப் பார்த்தது ஒரு வரியாம்.

மாடக்கண்ணு மகளிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்டார். பெட்டியை அவளிடமே கொடுத்தார். "படி," என்றார். சிவசைலம் அவரோடு கூடவே வாசல் வரைக்கும் வந்தார். மனம் உறுத்தியிருக்க வேண்டும், அவர் கெட்டவர் இல்லை. வாசலில் நின்று மாடக்கண்ணுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க. சாப்பிட்டுப் போங்க."

"இருக்கட்டும்யா. சாப்ட்டுத்தான் வந்தேன்."

"அப்படியா, சரி. பாத்துப் போயிட்டு வாங்க," என்றார் சிவசைலம். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார்.

ரோசாலின் நொண்டிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். இஞ்சி டீயின் வாசம் அவளுக்கு ஞாபகம் வந்தது. இத்தனை நாளும் அவள் அந்த இரும்புக் கையைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். அது என்ன செய்யும் பாவம். அதைப் பெற்றவர் எப்படியோ அதுவும் அப்படி.

மாடக்கண்ணு கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். ரோசாலின் எரிகிற காலோடு ஓடிப்போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"சாப்ட்டுட்டுப் போங்கப்பா."

"வேண்டாம் தாயி. வயிறு நிறைஞ்சிருக்கு."

"சாப்ட்டுட்டுப் போங்க."

"பஸ்ஸு போயிரும்லா."

"போனா அடுத்த பஸ்ஸு. சாப்பிடாம நீங்க இந்த கேட்டத் தாண்ட முடியாது. நான் வழிய மறிச்சுக்கிட்டு நிப்பேன்." அவள் குரல் அவளுக்கே பயமாக இருந்தது. அழுகையும் அதட்டலும் ஒன்றாக வந்தன.

மாடக்கண்ணு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "சரி தாயி," என்றார் தாழ்ந்த குரலில். "ஒரு வாய்."

கூடத்தில் பேச்சி இன்னும் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் இடம் விட்டு நகர்ந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். வரிசையிலிருந்த ஒருத்தி தட்டு கொண்டுவந்தாள், இன்னொருத்தி சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேச்சி எழுந்து, அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த இரும்புக் கையிலிருந்து கரண்டியைக் கழற்றினாள். அப்பாவின் தட்டில் ஒரு கரண்டி வைத்தாள். மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"விருந்தினர் மறுப்புத் தெரிவித்திருக்கிறார். மறுப்பு மீறப்படுகிறது," என்றது பெண் குரல்.

ரோசாலின் ஒரு நாற்காலியில் ஏறி, தன் துப்பட்டாவைக் கழற்றி அந்தக் கண்ணையும் காதையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள்.

மாடக்கண்ணு முதல் தட்டைத் துடைத்ததுபோல் சாப்பிட்டு முடித்தார். பேச்சி இரண்டாவது கரண்டியை எடுத்தாள். அவர் தட்டுக்குக் குறுக்கே இரண்டு கையையும் வைத்துக்கொண்டார்.

"போதும்மா."

பேச்சி அவர் கையை ஒதுக்கிவிட்டுப் போட்டாள்.